மன்றாட்டில் விடுபட்ட பெயர்

அந்தச் சாமியார் லாஸ் அனிமாஸுக்கு வந்து சேர்ந்தபோது லிப்ராதா கோயிலின் மேற்குச் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை களிமண், தலைமுடியில் வைக்கோல். குளம்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், கிழிந்த கறுப்பு அங்கியும் வெயிலில் தோலுரிந்த மூக்குமாக ஒரு வயசாளி கழுதையைப் பிடித்தபடி நிற்கிறார். காவலுக்கு ஒரு சிப்பாய்கூட இல்லை. கொள்ளையடிக்கும் அப்பாச்சே பழங்குடிகள் நடமாடும் மலைப்பாதையில் கூட்டமாகப் போகிறவர்களே உயிரோடு திரும்பினால் மெழுகுத்திரி ஏற்றும் ஊர் அது.

"சாமியா?" என்றாள் நம்பாமல்.

"சாமிதாம்மா. நிக்கனோர்னு பேரு. ஹலிஸ்கோ பக்கம். மறைமாவட்ட மேற்றிராணியார் அனுப்பிவெச்சார்."

லிப்ராதா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கையை முத்தமிடக் குனிந்தாள். அவர் சூடுபட்டவர் போலக் கையைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு தானே நினைவு வந்தவராக நீட்டினார். முத்தமிட்டாள்தான். ஆனால் அந்த இழுப்பு அவள் மனதில் சிறு முள்ளாகத் தங்கிவிட்டது. பூசை வைக்கிற கை முத்தத்துக்குப் பழகிய கை அல்லவா?

சாமியார் வந்துவிட்டார் என்ற செய்தி வாய்க்காலைத் தாண்டுவதற்குள் பெண்கள் முக்காட்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அழாத கண் இல்லை. ஸ்பெயின் ராஜாவின் ஆட்சி போய் நாடு மெக்சிகோ ஆன பிறகு, ஸ்பெயினில் பிறந்தவன் எவனும் இங்கே இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. ஊரில் இருபது வருஷம் இருந்த பெர்னபே சாமியார் கடலுக்கு அந்தக் கரையில், ஸ்பெயினில் பிறந்தவர். வாய்க்குள் சூடான அவரை விதையை வைத்துக்கொண்டு பேசுவது போலப் பேசுவார். பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் அதைப் பேசிக்காட்டிச் சிரிக்கும். அவரைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கொண்டுபோய் நாலு வருஷமாகிறது. அதன் பிறகு லாஸ் அனிமாஸில் பிறந்த குழந்தைகளுக்கு லிப்ராதாதான் தலையில் தண்ணீர் ஊற்றினாள். செத்தவர்களைத் தெரிந்த ஜெபத்தைச் சொல்லிப் புதைத்தார்கள். கல்யாணம் என்பது ஊர்த்தலைவர் எவரிஸ்தோ ஐயா முன்னால் "சேர்ந்து இருக்கோம்" என்று சொல்வதோடு சரி.

லிப்ராதாவும் அப்படித்தான். முதல் புருஷனை அம்மையில் பறிகொடுத்தவள், கிரினோவோடு குடித்தனம் நடத்தத் தொடங்கி மூன்று வருஷத்துக்கு மேல். கிரினோ கோட்டையில் சிப்பாயாக இருந்து, தொடையில் அம்பு வாங்கி, நொண்டிக்கொண்டே ஊருக்கு வந்து உழவனானவன். மூத்தது பெண், லூசியா; அடுத்தது கைக்குழந்தை. கிரினோவின் தங்கை பெத்ரோனிலாவுக்கு வாய் சும்மா இராது.

"மதினி மதினின்னு வாய் நெறையக் கூப்பிடறேன். ஆனா கோயில் தெரியாத மதினியால்ல போயிட்ட!" என்று நாலு பேர் இருக்கும் இடமாகப் பார்த்துச் சொல்வாள்.

லிப்ராதா சிரித்துவைப்பாள். வீட்டுக்கு வந்து மாவாட்டும் கல்லின் மேல் அந்தக் கோபத்தைக் காட்டுவாள். கோயில் சாவி அவளிடம் இருந்தது, பீடத்துணியை அவள்தான் துவைத்தாள், ஆனால் பீடத்துக்கு முன்னால் கைப்பிடித்து நிற்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் அந்தக் குறை தீர்ந்தது. நிக்கனோர் சாமியார் ஒரே காலையில் ஊரில் இருந்த ஜோடிகளையெல்லாம் வரிசையில் நிறுத்திக் கட்டிவைத்தார். பெத்ரோனிலாவுக்கும் அன்றுதான் கல்யாணம். கிரினோ பழைய சிப்பாய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றான். வீட்டுக்கு வந்ததும் லிப்ராதாவைப் பார்த்து, "என்ன பொண்டாட்டி, இனிமே என்னைய விட்டு ஓட முடியாதுல்ல?" என்றான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அத்தோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சும்மா இருக்க விடாத ஒரு செய்தி ஊருக்குள் வந்தது. தெற்கே வெள்ளிச் சுரங்கத்தில் ஒருத்தன் சாமியார் வேஷம் போட்டு, வாரக்கணக்கில் பூசை வைத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, காணிக்கையை அள்ளிக்கொண்டு மறைந்துவிட்டானாம். அவன் கட்டிவைத்த ஜோடியெல்லாம் இப்போது புருஷன் பெண்டாட்டி இல்லையாம். கோவேறு கழுதை ஓட்டிகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். லிப்ராதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து அவள் கண் அந்த மனிதரை விட்டு நகரவில்லை.

கழுதை ஓட்டிகள் வந்தால் சாமியார் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர்கள் போன பிறகுதான் வெளியே தலை தெரியும். கோட்டையில் சிப்பாய்களுக்குச் சாமியாரே இல்லை, ஒரு நடை போய் வரலாமே என்று எவரிஸ்தோ ஐயா சொன்னபோது, முட்டிவலி என்றார். மறுநாள் அதே முட்டியோடு ஆற்றோரக் குடிசைவரை நடந்து போய் சாகக்கிடந்த ஒரு கிழவருக்கு அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டு வந்தார். மேற்றிராணியார் கொடுத்த உத்தரவு எங்கே என்றால், பெட்டியை அப்பாச்சேக்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். பெட்டியை எடுத்தவன் கழுதையை விட்டுவைப்பானா?

சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் ஒரு நன்றி வராது. "கடவுள் குடுக்கட்டும்" என்பார், எப்போதும் அதுதான். கூடவே வரும் லூசியாவுக்குச் சீமைமாதுளைப் பாகு கொடுப்பார், மடியில் வைத்து விளையாட்டுக் காட்டுவார். ஆனால் ஒருநாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "குட்டிம்மா" என்பார், "எலிக்குஞ்சு" என்பார். வந்ததும் முறைப்படி மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தவரே அவர்தான், பெயர் மறந்துபோகுமா?

பூசையில் அவள் இன்னும் கூர்ந்து கேட்டாள். லத்தீன் அவளுக்குத் தெரியாது. ஆனால் இருபது வருஷம் கேட்ட காது. பெர்னபே சாமியார் எங்கே குரலை ஏற்றுவார், எங்கே இறக்குவார் என்பதெல்லாம் பாட்டுப்போல மனதில் இருந்தது. இவர் நன்றாகத்தான் தொடங்குவார். நடுவில் திடீரென்று இருமுவார். "தோனா நோபிஸ்" என்று கணீரென்று போய், கடைசியில் வரும் 'பாசெம்' என்ற சொல்லை விழுங்கிவிடுவார். ஒவ்வொரு பூசையிலும் அதே இடத்தில் இருமல்.

"இருமல் வந்தா இருமத்தான செய்வாரு" என்றான் கிரினோ.

"எடம் பாத்து வருமா இருமல்?"

"ஏ புள்ள, ஒனக்கு எதுலயும் நம்பிக்க கெடையாது. அன்னைக்கு என் மாடு செனையா இருக்குன்னு சொன்னப்பவும் வயித்தத் தடவிப் பாத்துட்டுத்தான நம்பின?"

"மாட்டுக்குக் கன்னு பொறந்தாத் தெரிஞ்சுபோயிடும். இது அப்படியா? இந்த ஆளு வேஷக்காரன்னா நம்ம ரெண்டு பேரும் என்ன? நம்ம புள்ளைங்க என்ன?"

அன்று கிரினோவும் சரியாகச் சாப்பிடவில்லை.

உழவர்களின் புனிதர் இசிதோரின் நாள் வந்தது. வருஷா வருஷம் அன்று சிலுவையை முன்னால் பிடித்து, வயல்வரப்புகளைச் சுற்றி, புனிதர்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மன்றாடுவது வழக்கம். சாமியார் ஒவ்வொரு பெயராகச் சொல்லவேண்டும், ஜனங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடிக்கவேண்டும். உரக்கச் சொல்லவேண்டிய ஜெபம். வெட்டவெளியில் விழுங்க முடியாது. லிப்ராதா வேண்டுமென்றே அவருக்குப் பக்கத்திலேயே நடந்தாள்.

அறுப்புக்குக் காத்திருந்த கோதுமைக்கு நடுவே ஊர்வலம் போயிற்று. அப்போஸ்தலர்கள் போனார்கள், வேதசாட்சிகள் போனார்கள். கன்னியர்களின் முறை வந்தது. ஆகத்தா. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அடுத்து லூசியா வரவேண்டும். வரவில்லை. நேரே ஆக்னஸுக்குப் போனார். பிறகு சிசிலியாவும் வரவில்லை, கத்தரீனாளுக்குத் தாவினார்.

லிப்ராதாவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. தன் மகளின் பெயருக்குரிய புனிதை. சின்னப் பிள்ளைக்கும் வாயில் வருகிற வரிசை. ஒரு சாமியார் தன் விரல்களை மறந்தாலும் மறப்பார், இதை மறக்க மாட்டார்.

திரும்பிப் பார்த்தாள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பெத்ரோனிலா புதுப் பெண்டாட்டியாகப் புருஷனின் தோளை உரசிக்கொண்டு வந்தாள். சாமியார் மட்டும் லிப்ராதாவை ஒரு கணம் பார்த்தார். மாட்டிக்கொண்டவனின் பார்வை அது. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் எவரிஸ்தோ ஐயா வீட்டுக்குப் போனாள். அவர் ஒரு சேணத்தை மடியில் வைத்து மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது வம்பும்மா" என்றார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "என் மகனுக்கும் அவர்தான் கட்டிவெச்சார்."

"அதனாலதான் ஐயா சொல்றேன். கோட்டைல ஒரு வார்த்த கேளுங்க. மேற்றிராணியார் இந்தப் பக்கம் யாரையாவது அனுப்பினாரா, இல்லையா. அவ்வளவுதான். அனுப்பினார்னா நான் அவர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

"அனுப்பலைன்னா?"

"அனுப்பலைன்னா நமக்குத் தெரிஞ்சாகணுமா இல்லையா?"

எவரிஸ்தோ ஐயா வெகுநேரம் சேணத்தையே தேய்த்தார். கடைசியில், "யார் சொன்னதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீயும் வாயத் திறக்காத" என்றார். கோட்டைக்கு மாவு கொண்டுபோன ஆளிடம் செய்தி போயிற்று.

அதன் பிறகு வந்த நாட்கள் லிப்ராதாவுக்கு முள்மேல் நடப்பதாக இருந்தன. சாமியாருக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். அவர் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு வந்தாள். அறுப்பு முடிந்தது, களத்தில் குதிரைகளை விட்டுக் கோதுமையை மிதித்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. கோட்டையிலிருந்து பதிலும் இல்லை, ஆளும் இல்லை. ஒருவேளை செய்தியே போய்ச் சேரவில்லையோ என்று ஒருநாள் நினைப்பாள். அப்படியே போகட்டும் என்று இன்னொரு நாள் நினைப்பாள்.

புனித ஜானின் திருவிழாவுக்குச் சில நாள் முன்பு, நடுப்பகலில், கோயில் முற்றத்தில் அடுக்கியிருந்த விறகுக் கட்டைகளுக்கிடையே கைவிட்ட லூசியாவைத் தேள் கொட்டியது. வெளுத்த சின்னத் தேள். பெரிய கறுப்புத் தேளுக்கு யாரும் அவ்வளவு பயப்படுவதில்லை. இந்த வெளுத்தது சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடும். லிப்ராதா அலறியது வாய்க்கால்வரை கேட்டது. அவள் ஓடிவருவதற்குள் குழந்தையின் வாயில் நுரை தள்ளியது, கண்கள் ஒரு நிலையில் இல்லாமல் உருண்டன.

சாமியார் அவளை முந்திக்கொண்டார். கிழவனுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ! குழந்தையை வாரி எடுத்து, எச்சில் தொண்டையை அடைக்காதபடி பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"லூத்தியா! லூத்தியா! கண்ணைத் தொறடி, லூத்தியா!"

அந்தப் பேச்சை லிப்ராதா முன்பு எங்கோ கேட்டிருக்கிறாள்.

சாமியாருக்கு எதுவும் கவனத்தில் இல்லை. குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு ஜெபிக்கத் தொடங்கினார். ஒரு தடுமாற்றம் இல்லை, இருமல் இல்லை, லத்தீன் ஆறு போல ஓடியது. பெர்னபே சாமியாரின் நாக்கு. வாய்க்குள் சூடான அவரை விதை. சில சொற்களில் மற்றவர்கள் 'ச' என்று சொல்லும் இடத்தில் பல்லுக்கு நடுவே நாக்கை நீட்டி 'த' என்று ஊதும் பேச்சு. அந்தக் கரையில் பிறந்தவர்களுக்குத்தான் அது வரும். லூசியாவை அவர் ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, சிசிலியாவை ஏன் தாண்டினார், நன்றி சொல்லும் 'கிராசியாஸ்' என்ற சொல்லை ஏன் வாயிலேயே எடுக்கவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அவர் வேஷக்காரர் இல்லை. உண்மையான சாமியார். ஒளிந்து திரியும் ஸ்பெயின்காரர். அவரைத்தான் அவள் பிடித்துக்கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலத்துக்குள் குழந்தையின் கண்கள் நிலைக்கு வந்தன. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. சாமியார் குழந்தையை மடியைவிட்டு இறக்கவில்லை. ஈரத்துணியால் உதட்டை நனைத்தபடியே இருந்தார். கிரினோ கோயில் வாசலில் உட்கார்ந்து தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

லிப்ராதா அவர் எதிரில் வந்து மண்டியிட்டாள்.

"சாமி, நீங்க இப்பவே கெளம்பணும்."

"எதுக்கும்மா?"

"கோட்டைக்குச் சேதி போயிருக்கு. உங்களப் பத்தி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொல்லிவிட்டது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"லூசியாவ விட்டுட்டேன்னு கோவமா?" என்றார். இப்போது 'ச' சரியாக வந்தது. சிரித்தார். "மெதுவாச் சொன்னா வரும்மா. ஆனா பத்துத் தடவ சரியா வந்தா அடுத்த தடவ நாக்கு காட்டிக் குடுத்துடும். அதான் முழுங்கிட்டே காலத்த ஓட்டறேன். என்கூட இருந்தவங்கள எல்லாம் துறைமுகத்துக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. நான் காய்ச்சல்ல கெடந்தேன், விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்பலேர்ந்து இப்படித்தான், ஊர் ஊரா. யாராவது கையத் தொட்டாக்கூடப் பிடிக்க வந்தாங்களோன்னு பதறும்."

"அய்யோ சாமி, நான் உங்களப் பொய்ச்சாமின்னு நெனச்சேன். கச்சுப்பின்னு தெரிஞ்சிருந்தா..." ஸ்பெயின்காரர்களைத் திட்டும் சொல் தானாக வாயில் வந்துவிட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவால்ல. கச்சுப்பின்தான்."

கிரினோ எழுந்து வந்தான். "என் கோவேறு கழுத இருக்கு. மேக்க பாப்பாகோ ஜனங்க குடியிருப்புக்குப் போயிட்டா எந்தச் சிப்பாயும் வரமாட்டான். நான் கூட்டிட்டுப் போறேன் சாமி."

"நாளைக்குப் போலாம்" என்றார் அவர். "இந்த வெஷம் ஒரு ராத்திரி தாண்டணும். நடுவுல மூச்சு முட்டும். நான் ரெண்டு புள்ளைங்கள இப்படிப் பறிகுடுத்திருக்கேன்."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. மறுநாள் விடிந்தபோது லூசியா பால் கேட்டு அழுதாள். கிரினோ சேணம் பூட்டப் போனான். அதற்குள் ஊர்வாசலில் குதிரைகள் வந்து நின்றுவிட்டன.

வந்தது லெப்டினன்ட் அரிஸ்மெந்தியும் ஆறு சிப்பாய்களும். லெப்டினன்ட் சின்ன வயசுக்காரன்; முகமெல்லாம் புழுதி, தூங்காத கண். ஊரைச் சதுக்கத்தில் கூட்டச் சொன்னான். சாமியாரை நடுவில் நிறுத்தினார்கள்.

"மேற்றிராணியார் இந்தப் பக்கம் யாரையும் அனுப்பல" என்றான் அவன். "அதனால ரெண்டுல ஒண்ணு. நீங்க வேஷம் போட்ட ஆளா இருக்கணும், இல்ல ஸ்பெயின்காரச் சாமியாரா இருக்கணும். வேஷக்காரன்னா சவுக்கடி, கோட்டைல கொஞ்ச நாள் செங்கல் அறுக்கணும், அப்பறம் போயிடலாம். ஸ்பெயின்காரர்னா குவாய்மாஸ் துறைமுகம் வரைக்கும் நடக்கணும், அங்கேருந்து கப்பல்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இந்த வெயில்ல அது உங்க வயசுக்கு ஆகாது. யோசிச்சுப் பதில் சொல்லுங்க. நீங்க எதச் சொல்றீங்களோ அதத்தான் நான் மேல சொல்வேன்."

அவன் வழிகாட்டுகிறான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஈஸ்டருக்குப் பிறகு அவர் கட்டிவைத்த ஜோடிகள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். வேஷக்காரன் என்று அவர் சொன்னால் தாங்கள் என்ன ஆவோம் என்ற கேள்வி முகத்துக்கு முகம் தாவியது.

சாமியார் வாயைத் திறப்பதற்குள் லிப்ராதா முன்னால் வந்தாள்.

"வேஷக்காரன்தான் ஐயா! எனக்குத் தெரியும். கோயில் சாவி என்கிட்டதான் இருக்கு. பூசைல பாதிய முழுங்குவாரு. இசிதோர் நாள்ல லூசியாவையும் சிசிலியாவையும் விட்டுட்டாரு. சாமியாரா இருந்தா விடுவாரா? என் புள்ள மேல சத்தியமாச் சொல்றேன், இவர் சாமியாரே இல்ல!"

"ஏ மதினி!" பெத்ரோனிலா அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். "பைத்தியமா ஒனக்கு? அப்ப நான் யாரு? வைப்பாட்டியா? நீ யாருடி?"

"நானும்தான்" என்றாள் லிப்ராதா.

பக்கத்தில் நின்றவன் கிரினோவிடம் ஏதோ கேட்டான். கிரினோ அவனைப் பார்க்காமல், நொண்டிக்கொண்டே வந்து பெண்டாட்டியின் பக்கத்தில் நின்றான். "ஆமா ஐயா. நானும் கேட்டேன். முழுங்குவாரு" என்றான்.

எவரிஸ்தோ ஐயா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லெப்டினன்ட்டின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "சரி. சாட்சி இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க, பெரியவரே?"

சாமியார் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பெத்ரோனிலாவை, அவள் புருஷனை, கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்த பெண்களை. பிறகு ஒரு சொல்லையும் விழுங்காமல், பெர்னபே சாமியாரின் நாக்கோடு உரக்கப் பேசினார்.

"இந்தப் பொண்ணு என்னைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்லுது. என் பேரு நிக்கனோர் இல்ல, விதெந்தே. பொறந்தது ஸ்பெயின்ல, பலென்தியா. குருப்பட்டம் வாங்கி முப்பது வருஷத்துக்கு மேல ஆகுது. இந்த ஊர்ல நான் குடுத்த ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான். கட்டிவெச்ச கல்யாணம் கல்யாணம்தான். யாரும் மனசக் கொழப்பிக்க வேணாம்."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் விசும்பினாள். லெப்டினன்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். "சொல்லிட்டீங்களே சாமி" என்றான், வருத்தமாகத்தான்.

கையைக் கட்டவில்லை. அவ்வளவு மரியாதை செய்தார்கள். லிப்ராதா வீட்டுக்கு ஓடி, வறுத்த சோளமாவும் காய்ந்த இறைச்சியும் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். கிரினோ தன் கோவேறு கழுதையைக் கொண்டுவந்து நிறுத்தி, "நடக்க வேணாம், இதுல போங்க" என்றான். சிப்பாய்கள் ஒன்றும் சொல்லவில்லை. லிப்ராதா குனிந்து சாமியாரின் கையை முத்தமிட்டாள். அவர் கையை அவள் தலைமேல் வைத்தார். என்ன சொன்னார் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் போன பிறகு ஊர் நிம்மதியாக இருக்கவில்லை. காட்டிக்கொடுத்தது யார்? இதே பேச்சுத்தான். அடுப்படியில், வாய்க்கால் கரையில், களத்தில். மாவு கொண்டுபோனவனிடம் ஒருத்தி பேசுவதை நிறுத்தினாள். இன்னொருத்தி தன் மாமியாரையே சந்தேகப்பட்டாள். கடைசியில் பழி உப்பு கொண்டுவரும் பாப்பாகோ வியாபாரியின் தலையில் வந்து விழுந்தது. ஊரூராகப் போகிறவன், கோட்டையிலும் உப்பு விற்கிறவன், அவனைத் தவிர வேறு யார்? அடுத்த முறை அவன் உப்பு மூட்டையோடு வந்தபோது நாய்களை ஏவிவிட்டார்கள், கல்லால் அடித்தார்கள். மூட்டை கிழிந்து உப்பெல்லாம் வாய்க்காலில் போயிற்று. காது கிழிந்து ரத்தம் வழிய நின்ற அந்த மனிதனுக்குத் தான் என்ன தப்புச் செய்தோம் என்றுகூடத் தெரியவில்லை.

துவைத்துக்கொண்டிருந்த லிப்ராதா எழுந்தாள். "அவன விடுங்க. நான்தான் சொன்னேன்" என்றாள்.

முதலில் யாரும் நம்பவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் சாமியாரைக் காப்பாற்றப் பொய்ச்சத்தியம் செய்தவள் அல்லவா! எவரிஸ்தோ ஐயா வந்து, ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் நம்பினார்கள். பெத்ரோனிலா வந்து கையை நீட்டினாள். லிப்ராதா இடுப்பிலிருந்த கோயில் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்புக்காரன் அதன் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. அந்த மழைக்காலம் முழுக்க ஊர் சப்பென்று சாப்பிட்டது.

சாமியார் குவாய்மாஸ்வரை உயிரோடு போய்ச் சேர்ந்தார் என்று இலையுதிர்காலத்தில் ஒரு கழுதை ஓட்டி சொன்னான். கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் அடைத்துவைத்த வீட்டின் சன்னல்வழியே துறைமுகக் கூலிகளுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டாராம். கப்பலேறினாரா, காய்ச்சலில் போனாரா என்பது அவனுக்குத் தெரியவில்லை. கோவேறு கழுதையும் திரும்பி வரவில்லை.

மறுவருஷம் வசந்தத்தில் புதுச் சாமியார் வந்தார். மெக்சிகோவிலேயே பிறந்தவர், பளபளக்கும் காலணி, முன்னும் பின்னும் சிப்பாய்கள். ஊர் அவரையும் உடனே நம்பிவிடவில்லை. முதல் பூசையில் அத்தனை காதுகளும் கூர்ந்திருந்தன. லூசியா பெயரைச் சொல்லச் சொல்லி ஒருத்தன் கேட்டே விட்டான். அவர் திகைத்துப்போய்ச் சொன்னார். பிறகு கல்யாணங்களைப் பற்றி விசாரித்துவிட்டு, "அந்த ஆளுக்கு இந்தக் கோயில் பங்குல அதிகாரமே இல்ல. எல்லாம் மறுபடி செஞ்சாகணும். சனிக்கிழமை எல்லாரும் ஜோடியா வந்துடுங்க" என்றார்.

சனிக்கிழமை எல்லோரும் போனார்கள். வரிசையில் முதலில் நின்றது பெத்ரோனிலா. கிரினோவும் லிப்ராதாவும் மட்டும் வரவில்லை. பூசைக்குப் பிறகு சாமியாரே அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா, உங்களுக்கு மட்டும் என்ன?"

"எங்களுக்கு ஆயிடுச்சு சாமி" என்றாள் லிப்ராதா.

"அது செல்லாதுன்னு சொன்னேனே."

"நீங்க சொன்னீங்க."

சாமியார் கிரினோவைப் பார்த்தார். கிரினோ மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "அவ அவ்வளவு லேசுல எதையும் நம்பமாட்டா சாமி. நம்பிட்டான்னா மாத்த முடியாது" என்றான்.

"அப்ப பூசைல நற்கருணை அப்பம் கெடையாது. ரெண்டு பேருக்கும்."

லிப்ராதாவின் முகம் ஒரு நிமிஷம் மாறியது. அது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. லூசியாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "சரிங்க சாமி" என்றாள்.

அன்று அவர்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. விட்டால் அடுத்த முறை வர நாளாகும். சின்னதைக் கிரினோ தூக்கிக்கொள்ள, நால்வரும் வாய்க்கால் பக்கம் நடந்தார்கள்.